விலங்குகள் கண்ட ஊழி
(திருகோணமலையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உலகம் அழிவதைப் பற்றிய கதையை விலங்குகளின் பக்கம் நின்று சொன்னால் அந்தக் கதை என்னவாகும்? இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அதுதான். இதைப் பேசுவதற்கு நமது ஊரைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை என்று நினைக்கிறேன். பிரட்றிக் கோட்டை வாசலில், இரட்டைக் கயல் பொறித்த கல்லில், சிதைந்த தமிழ்க் கல்வெட்டொன்று இருப்பதை நீங்கள் அறிவீர்கள். குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியைப் பறங்கி உடைப்பான், அவனுக்குப் பின் இன்ன நிறக் கண்ணுடையோர் ஒருவர்பின் ஒருவராக ஆள்வார்கள் என்று வருவதுரைக்கும் பாடலொன்றோடு சேர்த்தே அதை நம் முன்னோர் வாசித்து வந்தார்கள். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோணேசர் கோயிலை இடித்தான். அந்தக் கற்கள் கோட்டைச் சுவராயின. அழிவை முன்னுரைக்கும் வாசகத்தை வாசலிலேயே வைத்திருக்கும் ஊர் நமது ஊர்.

அந்த வாசல் வழியாகப் புள்ளிமான்களும் போய் வருகின்றன. கோட்டைக்குள் பட்டாளம் மாறியது, கொடி மாறியது, சுவாமி மலையில் கோயில் மீண்டும் எழுந்தது. மான்கள் அங்கேதான் ஈன்றன, மேய்ந்தன. இன்று நகரக் குப்பையில் பொலித்தீனையும் சேர்த்து விழுங்கி அவை சாகின்றன. கல்வெட்டு எண்ணிக் காட்டும் ஆட்சிகளில் எதுவும் இந்த மானின் கணக்கில் இல்லை. மானுக்குப் பேரழிவாக வந்த பொலித்தீனைப் பற்றிக் கல்வெட்டுக்கு ஒன்றும் தெரியாது. எது ஊழி என்பதையே, யாருடைய கண்ணால் பார்க்கிறோம் என்பது தீர்மானிக்கிறது. என் பேச்சு முழுவதும் இந்த ஒரு கருத்தைச் சுற்றித்தான் வரும்.

விலங்கின் கண்ணால் சொல்லும் ஊழிக் கதை தமிழ் வாசகருக்குப் புதிய வகை இலக்கியமாகத் தோன்றலாம். ஆனால் அழிந்த நிலத்தையே ஒரு திணையாக வைத்துப் பாடிய மரபு நம்முடையது. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அதாவது பாலை, நேற்றுவரை பசுமையாக இருந்த நிலம். நீர் வற்றி, நிழல் அற்று, வழிப்பறிக்காரர் காத்திருக்கும் அந்த நிலத்தில் மனிதர் கடந்துபோகிறவர் மட்டுமே. அங்கே குடியிருப்பவை விலங்குகள்.

கலித்தொகையின் பதினோராவது பாடலை நினைத்துப் பாருங்கள். பாலை பாடிய பெருங்கடுங்கோ பாடியது. பொருள் தேடிப் போன தலைவன், தான் கடக்கவிருக்கும் காட்டைப் பற்றி முன்பு தன்னிடம் கூறியவற்றைத் தலைவி தோழிக்குச் சொல்கிறாள். கன்று கலக்கிவிட்ட கொஞ்சத் தண்ணீரை ஆண் யானை முதலில் பிடிக்கு ஊட்டி, மிஞ்சியதைத் தான் குடிக்கிறது. களைத்துச் சோர்ந்த பெடைக்கு ஆண் புறா தன் மெல்லிய சிறகால் விசிறுகிறது. ஒதுங்க நிழலில்லாமல் வாடும் பிணைக்குக் கலைமான் வெயிலில் நின்று தன் உடம்பின் நிழலைத் தருகிறது. இவற்றைக் கண்ட மனம் கல்லாகாது, ஆகவே அவர் திரும்பி வருவார் என்பது அவளுடைய நம்பிக்கை.

யானை, புறா, மான். மூன்றும் நம் மாவட்டத்து உயிர்கள். புறா நிலாவெளிக்கு எதிரே ஒரு தீவுக்கே பெயர் கொடுத்திருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் அந்தப் புறாத்தீவு துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சிக்களமாக இருந்தது. 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசிய பூங்காவானது. பெருங்கடுங்கோ கண்ட புறாவுக்கு வெயில் மட்டுந்தான் பகை.

இந்தப் பாடலில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது அதன் அடக்கம். யானை பேசவில்லை, புறா புலம்பவில்லை. அழிவுக்குக் காரணம் என்ன என்று எந்த விலங்கும் கேட்கவில்லை. எஞ்சிய நீரையும் எஞ்சிய நிழலையும் என்ன செய்வது என்பதே அவற்றின் முழுக் கவலை. இன்றைய ஊழிக் கதைகள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக, காரணத்தை விளக்கவே பாதிப் பக்கங்களைச் செலவிடுகின்றன. வைரஸ், அணுகுண்டு, எரிகல் என்று ஏதோ ஒன்று. விலங்கின் கதையில் அந்தப் பாதி தேவைப்படாது. எடுத்த எடுப்பில் வாழ்வுக்கு வந்துவிடலாம்.

பாரதத்தில் காண்டவ வனம் எரிந்த கதை இன்னும் கடுமையானது. வில்லிபுத்தூரார் அதற்கென்றே காண்டவ தகனச் சருக்கம் பாடினார். அக்கினிக்குப் பசி. காட்டைச் சுற்றிக் கண்ணனும் அருச்சுனனும் காவல் நின்று, நெருப்புக்குத் தப்பி ஓடிவரும் உயிர்களை அம்பால் வீழ்த்துகிறார்கள். இதே நிகழ்வை வடமொழிப் பாரதம் ஒரு பறவையின் கூட்டிலிருந்தும் காட்டுகிறது. சரிதை என்னும் தாய்ப்பறவைக்கு இறகு முளைக்காத நான்கு குஞ்சுகள். தூக்கிக்கொண்டு பறக்க முடியாது, விட்டுப் போகவும் முடியாது. எலி வளைக்குள் ஒளியுங்கள் என்கிறாள். எலி தின்பதைவிட நெருப்பில் எரிவது மேல், நீ போய்விடு, உனக்கு வேறு பிள்ளைகள் பிறப்பார்கள் என்கின்றன குஞ்சுகள். பின்னர் அக்கினியை வேண்டி அவை பிழைக்கின்றன. காவிய நாயகர்களைக் காட்டின் உள்ளேயிருந்து நாம் பார்க்கும் இடம் இது. அங்கிருந்து பார்த்தால் அவர்கள்தான் உலகத்தின் முடிவு. வீரச்செயலாக ஒரு பக்கமும் இனவழிப்பாக மறுபக்கமும் ஒரே நெருப்பைக் காட்டத் துணிந்த அந்தப் புலவனை நான் வணங்குகிறேன்.

நம் சிங்களச் சகோதரர்கள் சொல்லும் சாதகக் கதைகளிலும் ஒன்று உண்டு. பூமி பிளந்தால் நான் எங்கே போவேன் என்று நினைத்தபடி படுத்திருந்த முயலின் பக்கத்தில், காய்ந்த ஓலைமீது ஒரு காய் விழுகிறது. முயல் ஓடுகிறது, அதைப் பார்த்து மான், பன்றி, எருமை, யானை என்று காடே ஓடுகிறது. சிங்கமாகப் பிறந்த போதிசத்துவர் வழிமறித்து, யார் பார்த்தது, யார் பார்த்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அந்தக் காய்வரை திரும்பி நடந்து போகிறார். கூட்டம் கூட்டமாக இடம்பெயர்ந்த அனுபவமுள்ள நமக்கு அந்த ஓட்டம் அந்நியமானதல்ல.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு இதன் மறுதலைக் கதை ஒன்று உலகெங்கும் பரவியது. விலங்குகளுக்குச் சுனாமி வருவது முன்பே தெரிந்திருந்தது, யால காட்டில் அவை எல்லாம் மேட்டுக்கு ஓடிப் பிழைத்தன என்ற கதை. கிண்ணியாவிலும் மூதூரிலும் நிலாவெளியிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள்கூட அதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் அன்று அந்தத் தென்கரைக் காட்டில் செய்மதிக் கழுத்துப்பட்டி அணிந்த யானைகள் இருந்தன. அவற்றின் நடமாட்டத் தரவை எரிக் விக்கிரமநாயக்க, பிருதிவிராஜ் பெர்னாண்டோ, பீட்டர் லைம்குரூபர் ஆகியோர் ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். அலை வருமுன் அந்த யானைகள் தப்பியோடியதற்கான சான்று கிடைக்கவில்லை.

கதை எழுதுகிறவருக்கு இது முக்கியமான செய்தி. முன்கூட்டியே அறியும் விலங்கு என்ற கற்பனை கேட்க அழகாக இருக்கும். ஆனால் அது விலங்கை நம்முடைய எச்சரிக்கை மணியாக மாற்றிவிடுகிறது. பல்லி சொல்வதும் நாய் ஊளையிடுவதும் நமக்காகவே என்று எண்ணிப் பழகிய மனதின் நீட்சி அது. அந்தக் கதையில் விலங்குக்கென்று இழப்பு கிடையாது. அது பிழைத்தேவிடும், நாம்தான் சாவோம். கரையில் கட்டியிருந்த ஆடுமாடுகளும் கூட்டிலிருந்த கோழிகளும் அன்று செத்தன என்பதைக் கரையோரக் குடும்பங்கள் அனைத்தும் அறியும். கயிறு கட்டியவர்கள் நாம்.

விலங்கு என்ன அறியும், என்ன அறியாது என்ற எல்லையைக் காப்பதுதான் இந்த வகைக் கதையின் உயிர்நாடி. றிச்சர்ட் அடம்ஸ் 1972இல் எழுதிய ‘வாட்டர்ஷிப் டவுன்’ நாவலில் முயல்கள் வாழும் மேட்டருகே ஓர் அறிவிப்புப் பலகை நடப்படுகிறது. வீடு கட்டப்போகிறார்கள் என்ற செய்தி அதில் எழுதியிருக்கிறது. வாசகருக்குப் புரிகிறது. முயல்களுக்குப் புதிய மரமும் புகை நாற்றமும் மட்டுமே தெரிகின்றன. ஒரு சிறு முயலுக்கு நடுக்கம் எடுக்கிறது. அந்த இடைவெளியில்தான் அச்சம் பிறக்கிறது. கிளிபர்ட் சிமாக் 1952இல் வெளியிட்ட ‘சிட்டி’யில் மனிதர் இல்லாத உலகில் நாய்கள் கூடி, மனிதன் என்றொருவன் உண்மையிலேயே இருந்தானா என்று விவாதிக்கின்றன. கிரா ஜேன் பக்ஸ்டன் 2019இல் எழுதிய நாவலில், அழிந்துகொண்டிருக்கும் சியாட்டில் நகரத்தை வளர்ப்புக் காகம் ஒன்று நமக்குச் சொல்கிறது. அதன் பேச்சு எனக்கு அளவுக்கு மீறி மனிதப் பேச்சாகவே கேட்டது.

லத்வியாவைச் சேர்ந்த கின்ட்ஸ் சில்பலோடிஸ் இயக்கி 2024இல் வெளிவந்து ஒஸ்கார் பெற்ற ‘ஃப்ளோ’ படத்தில் ஒரு சொல்கூட இல்லை. வெள்ளம் உலகை மூடுகிறது. ஒரு பூனையும் நாயும் வேறு சில உயிர்களும் ஒரு படகில் ஏறுகின்றன. மனிதர் எங்கே போனார்கள் என்று படம் கடைசிவரை சொல்வதில்லை, ஏனென்றால் பூனைக்கு அது கேள்வியே இல்லை. பெருங்கடுங்கோவின் அடக்கத்துக்கு மிக நெருங்கி வந்த இக்காலப் படைப்பு என்று இதைத்தான் சொல்வேன்.

தமிழில் நமக்கு ‘பூனாச்சி’ இருக்கிறது. எதிர்ப்புகளால் எழுதுவதை நிறுத்தியிருந்த பெருமாள்முருகன், அந்த மௌனத்துக்குப் பிறகு 2016இல் எழுதிய வெள்ளாட்டின் கதை. காதில் துளையிட்டுப் பதிவு செய்யும் அரசு, வரிசையில் நிற்கும் மக்கள், பொய்க்கும் மழை, மேய்ச்சல் தீர்ந்த நிலம் எல்லாம் அதில் உண்டு. பஞ்சம் முற்றும் பக்கங்களில் அது நிச்சயமாக ஊழிக் கதைதான். ஆட்டின் பசியையும் பிள்ளைப்பேற்றையும் அந்த அளவு உடலோடு எழுதிய நாவல் தமிழில் வேறில்லை. காது துளைக்கும் இடத்தில் மட்டும் ஆடு சற்று விலகி, குடிமகன் வந்து நிற்கிறான். பேச முடியாத காலத்தில் ஆட்டின் வாயால் பேச வேண்டியிருந்த எழுத்தாளரின் நிலையை உணர்ந்தே இதைச் சொல்கிறேன்.

இனி நம் மண்ணுக்கு வருகிறேன். மூதூர் தந்த வ. அ. இராசரத்தினம் ‘தோணி’யில் கொட்டியாரக் குடாவின் கரையையும் அதன் மனிதர்களையும் எழுத்துக்குக் கொண்டுவந்தார். அந்தக் கரையில் இன்னும் எழுதப்படாதவர்கள் நான்கு காலுடையவர்களும் செதிலுடையவர்களும்.

1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். பட்டி மாடுகளுக்கு அந்த இருட்டில் என்ன நேர்ந்தது என்று யாரும் எழுதவில்லை. 2006இல் போரால் சம்பூரிலிருந்து வெளியேறியவர்களிடம் கேளுங்கள். மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டு வந்ததையும் வீட்டு நாய் பாதி வழிவரை வந்து நின்றதையும் சொல்வார்கள். ஏறத்தாழ பத்து ஆண்டுகள் அந்த நிலம் மனிதர் குடியிருக்க முடியாமல் கிடந்தது. மனிதர் போனபின் உலகம் எப்படியிருக்கும் என்று மேனாட்டு எழுத்தாளர் கற்பனை செய்கிறார். நமக்கு அது அயலூரின் கதை. திரும்பி வந்தவர்கள் வளவுக்குள் காடு வெட்டித்தான் நுழைந்தார்கள். அந்த ஆண்டுகளில் அங்கே வாழ்ந்த உயிர்களுக்கு அது எந்தக் காலம்? அழிவுக் காலமா, ஓய்வுக் காலமா? ஒரு நாவலுக்கு இந்தக் கேள்வி ஒன்றே போதும்.

யானையின் ஊழி வேறு மாதிரி நடக்கிறது. 2023இல் மட்டும் இலங்கையில் 470க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. துப்பாக்கி, மின்சாரம், தீனிக்குள் வைக்கும் ஹக்கபட்டாஸ் வெடி, புகையிரதம். 2025 பெப்ரவரியில் ஹபரணைக்கு அருகே ஓடும் புகையிரதம் மோதி ஒரே கூட்டத்தில் ஆறு யானைகள் மாண்டன. கந்தளாயிலும் மொறவெவவிலும் சேருவிலவிலும் பரணில் கண்விழிக்கும் கமக்காரரின் துயரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஓர் இரவில் ஒரு போகம் போய்விடும், உயிரும் போகும். ஆனால் யானையின் பக்கம் நின்று பார்த்தால், தாய் நடந்த தடத்தில் நடக்கிறது, தடத்தின் குறுக்கே வேலி இருக்கிறது. வேலிக்குள் அடைபட்ட கூட்டங்கள் தீனியின்றி மெலிவதை ஆய்வாளர்கள் நீண்ட காலமாகச் சொல்லி வருகிறார்கள். ஒரே நாளில் இடி விழுந்தாற்போல் வரும் முடிவு யானைக்குக் கிடையாது. ஒவ்வொரு பருவத்திலும் ஒரு வழி குறையும். இப்படி மெல்ல நடக்கும் அழிவை எழுத, திடுக்கிடும் காட்சிகளை நம்பும் எழுத்தாளரால் முடியாது.

இந்தத் துறைமுகத்தின் ஊழி நாவலை எழுத ஒரே ஒரு விலங்கைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் நீலத் திமிங்கிலத்தைச் சொல்வேன். அது எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் வாழக்கூடியது. நமது துறைமுகத்தின் வாயிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஆழமாக இறங்குவதால் அது கரைக்கு இவ்வளவு அருகில் வருகிறது. சுவாமி மலையில் நின்று பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். 1942இல் பிறந்த ஒரு பெண் கன்றை எண்ணிக்கொள்ளுங்கள். இன்று அது உயிரோடு இருக்கலாம்.

அதன் வாழ்நாளில் நடந்தவற்றை நம் கணக்கில் அடுக்கினால் இப்படி வரும். 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைக் குண்டு வீசித் தாக்கின. ஒரு விமானம் சீனன்குடா எண்ணெய்க் குதமொன்றின் மீது வீழ்ந்து அது பற்றி எரிந்தது. அன்றே மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் 300க்கு மேற்பட்டோருடன் மூழ்கியது. 1944 ஓகஸ்டில் வலியன்ட் போர்க்கப்பலைத் தாங்கிநின்ற மிதக்கும் கப்பற்றுறை உடைந்து துறைமுகத்துக்குள் அமிழ்ந்தது. 1984இல் இதே கடலில் நீலத் திமிங்கிலங்களின் பாட்டு பதிவு செய்யப்பட்டது. ‘டியூலிப்’ என்ற பாய்க்கப்பலில் வந்த ஆய்வாளர்கள் அவ்வாண்டுகளில் இங்கே பணி செய்தார்கள், உள்நாட்டு யுத்தம் மூண்டு அது நின்றது. பிறகு சுனாமி. இப்போது, காலையில் திமிங்கிலம் காட்ட ஓடும் இயந்திரப் படகுகள்.

இந்தப் பட்டியல் நம்முடையது. திமிங்கிலத்தின் ஊழி இதில் இல்லவே இல்லை. 1960களின் நடுப்பகுதியில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் வட இந்து சமுத்திரத்தில் நுழைந்து 1,200க்கு மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களைச் சட்டவிரோதமாகக் கொன்றன. கணக்குகள் மறைக்கப்பட்டன. சோவியத் ஒன்றியம் கலைந்தபின், 1990களில்தான் உண்மை வெளிவந்தது. நம் கரையில் கச்சான் காற்றும் வாடையும் வழக்கம்போல மாறிமாறி வீசிய ஆண்டுகள் அவை. கடலுக்குப் போன நம் தகப்பன்மாருக்கு அது தெரியாது. ஆனால் பாடினால் பதில் வரும் கடலில், சில ஆண்டுகளுக்குள் பதில்கள் குறைந்துபோயிருக்கும்.

சுனாமியையும் அதன் காதால் கேட்டுப் பாருங்கள். ஆழ்கடலில் அந்த அலையின் உயரம் ஒரு மீற்றர்கூட இல்லை. திமிங்கிலத்தின் உடம்பு அதை உணர்ந்திருக்குமா என்பதே ஐயம். ஆனால் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடித் தட்டு எட்டு நிமிடத்துக்கு மேல் கிழிந்துகொண்டே போன ஓசை இந்து சமுத்திரம் முழுவதும் நீருக்குள் கேட்டது. கடலடி ஒலிவாங்கிகள் அதைப் பதிந்தன. அந்த ஓசை இங்கே வந்து சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கும் மேலான பிறகுதான் அலை நம் கரையை அடித்தது. நமக்கு உலகம் முடிந்த அந்தக் காலை, அதற்கு ஒரு பெரிய சத்தம். நமக்கு ஒன்றுமே நடக்காத 1965, அதற்கு உலகத்தின் முடிவு.

இன்னொரு செய்தி. 1984இல் பதிவான அந்தப் பாட்டின் சுருதி பின்வந்த பதிவுகளில் இறங்கிக்கொண்டே வருகிறது. உலகெங்கும் நீலத் திமிங்கிலங்களின் பாட்டு இப்படித் தாழ்ந்து வருகிறது. ஏன் என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த முடிவில்லை. இனம் பெருகி வருவதால் உரக்கக் கூவத் தேவையில்லாமல் போயிற்று என்பது ஒரு கருத்து. கப்பல் இரைச்சலோடு தொடர்புபடுத்துவோரும் உண்டு. நாவலாசிரியருக்கு இது விடுகதையாகக் கிடைத்த செல்வம்.

கோணேசபுரி வளாகத்திலிருந்து வந்திருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த நாவலை உங்களில் ஒருவர் எழுத வேண்டும். கப்பல், சோவியத், சுனாமி, யுத்தம் ஆகிய சொற்களுள் ஒன்றும் அதில் வரக்கூடாது. திகதி வரக்கூடாது. பார்வை குறைவாகவும் கேள்வி அதிகமாகவும் இருக்க வேண்டும், ஏனென்றால் அந்த உயிர் கேட்டே வாழ்கிறது. முதலில், திமிங்கிலம் பார்க்கும் சுற்றுலாப் படகோட்டிகளிடமும் ஆழ்கடல் வள்ளக்காரரிடமும் போய் இருந்து கேளுங்கள். மூச்சு விடும் நேரத்தை, வால் எழும் கோணத்தை, கன்றோடு வரும் மாதத்தை அவர்கள் அறிவார்கள். 1960களைச் சொல்லும் அத்தியாயம்தான் மிகக் கடினமாக இருக்கும். கொல்பவரைக் காட்டாமல், கொலையை விளக்காமல், பதில் வராத கடலை மட்டும் வைத்து நாற்பது பக்கம் எழுத வேண்டும். அதை எப்படிச் செய்யலாம் என்பதைப் பற்றி இப்போது உங்களோடு பேச விரும்புகிறேன். கேள்விகளைத் தொடங்கலாம்.